மாத்திரைக்கு முறிவு

காலை ஐந்து இருபது. தம்பி வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஓர் உரச்சாக்கு. வாய் கட்டாத சாக்கு. உள்ளே வேரோடு பிடுங்கிய செடிகள். வேர்களில் கரிசல் மண் ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. அது எங்கள் பக்கத்து மண் இல்லை. இங்கே கடலோரத்தில் எங்கே தோண்டினாலும் மணல்தான் வரும். முந்தின நாள் விளாத்திகுளத்திலிருந்து கடைசி பஸ்ஸில், கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்ட சாக்கு. தம்பியின் மனைவிக்கு அந்தப் பக்கம்தான் பிறந்த ஊர்.

அவள் வாசலில் குத்தவைத்து, சாக்கைச் சாய்த்துச் செடிகளைத் தரையில் பரப்பினாள்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"மூக்கிரட்டை, மைனி. அடியில நெருஞ்சி கெடக்கு. கைய விட்டுராதீய."

நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். செய்தித்தாளில் இரவுப்பணி பார்த்த காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. தூக்கம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் காலையில் நடக்கப் போவேன். திரும்பும் வழியில் தம்பி வீடு. அந்த வருஷம் அங்கே போய் நின்ற காலைகள் அதிகம்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்னால் தம்பிக்குக் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஆறு; கிட்னி நன்றாக இருந்தால் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர், அன்று காலையில் எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேரைப் பார்த்து அலுத்திருந்தவர். வலி மாத்திரையால் வந்த சேதம் என்றார். "இன்னைக்கே நிறுத்தினா இப்ப இருக்கிறது நிக்கலாம். நிறுத்தலைன்னா டயாலிசிஸ்தான்." நிற்கலாம் என்றுதான் சொன்னார். சரியாகும் என்று சொல்லவில்லை. சொற்களைத் திருத்தியே வயதான எனக்கு அந்த வித்தியாசம் காதில் விழுந்தது. தம்பிக்கு விழுந்ததாகத் தெரியவில்லை.

அவன் சங்கு குளிக்கிறவன். விடியுமுன் வள்ளத்தில் போய், வாயில் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு, எட்டுப் பாகம் பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழத்தில் மணலைத் தடவிச் சங்கு எடுக்கும் வேலை. இருபது வயதில் இறங்கியவன், நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டான். முத்துக்குளிப்பு எப்போதோ நின்றுபோய், இப்போது எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் மட்டும் இருக்கிறது. குளிக்கிறவர்களுக்கு மிச்சம் இருப்பது சங்கு.

குளித்து ஏறியவனுக்குச் சாயங்காலம் மூட்டுகள் வலிக்கும். தோள், இடுப்பு, முழங்கால். எலும்புக்குள் எறும்பு ஊருவது போல என்பான். பத்து வருஷம் குளித்த எவனுக்கும் இது உண்டு. இதற்குக் கடற்கரை மெடிக்கலில் ஒரு செட் கொடுப்பார்கள்: ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், வயிறு எரியாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை. சீட்டு எதுவும் வேண்டாம். "அண்ணாச்சி, ஒரு குளி செட்டு" என்றால் பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவார். ஆரம்பத்தில் வலித்த பிறகு போட்டார்கள். பிறகு வலிக்கும் என்று தெரிந்து, இறங்குவதற்கு முன்பே போட ஆரம்பித்தார்கள். தண்ணீரில் இறங்கினால் ஒன்றுக்கு வரும் என்று காலையில் தண்ணீர் குடிக்கவும் மாட்டார்கள். வெறும் வயிறு, கட்டன் காபி, மாத்திரை. என் தம்பிக்கு இது நாள் தவறாமல் நடந்தது.

எங்கள் பக்கத்துச் சமையலில் எதற்கும் ஒரு முறிவு உண்டு. திருக்கைக்குப் பூண்டு. நண்டுக்கு மிளகு. மாம்பழத்துக்குப் பால். ஒன்று செய்யும் கெடுதலை அடுத்தது முறித்துவிடும். ஆகவே எதையும் விட வேண்டியதில்லை, கூட எதைச் சேர்ப்பது என்று தெரிந்தால் போதும். சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரும் இதைக் கற்றுக்கொள்கிறோம். நானும் கற்றதுதான். தம்பியின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவள் கேட்ட கேள்வி, "வலி மாத்திரைக்கு முறிவு என்னம்மா?"

அம்மா அங்கே நாட்டு மருந்துக் கடையில் விசாரித்தாள். மூக்கிரட்டை வேர், நெருஞ்சி முள், சிறுபீளை. மூன்றையும் இடித்துப் போட்டு எட்டுக்கு ஒன்றாக வற்றவைத்துக் குடிக்க வேண்டும். அப்படி வந்ததுதான் சாக்கு.

முதல் நாள் அவன் கசாயம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ஏளா, இது கசாயமா, லாரி கழுவுன தண்ணியா?"

"குடிங்க. ஒங்க நாக்குக்கா குடுக்கேன்? கிட்னிக்குக் குடுக்கேன்."

"கிட்னிக்கு வாய் எங்கன இருக்குன்னு சொல்லு, நேரா அங்கனயே ஊத்திருதேன்."

"ஒங்க வாய் பத்தாதாக்கும், அதுக்கும் ஒரு வாய் வேணுமா?"

குடித்துவிட்டான். அன்று சாயங்காலமும் குடித்தான்.

அப்போது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. கடல் கலங்கிவிட்டால் அடியில் கை தெரியாது. குளிக்கப் போக முடியாது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. அவனும் வீட்டில் கிடந்தான். கடலுக்குப் போகாததால் மாத்திரை போடவில்லை. வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்தான், கசாயமும் குடித்தான். வீக்கம் வடிந்தது. அடுத்த பரிசோதனையில் இரண்டு புள்ளி ஒன்று.

தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. கசாயம் கேட்கிறது. அவனோடு ஒரே வள்ளத்தில் குளிக்கும் கூட்டாளியின் மனைவி பாட்டிலோடு வந்தாள். பிறகு இன்னும் சிலர். விளாத்திகுளத்துச் சாக்கு வாரம் ஒன்று என்றானது. கூட்டாளி ஒருநாள் வாசலில் நின்று, "ஒன் பொண்டாட்டி கசாயத்தக் குடிச்சா பாறைய முழுங்கினாலும் செரிக்கும்ல" என்றான்.

"அந்த மாசம் ரெண்டு காரியம் நடந்திருக்கு," என்று தம்பியிடம் சொன்னேன். "கசாயம் குடிச்ச. மாத்திரைய நிறுத்தின. எதுனால கொறஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டாலயும்தான்னு வச்சுக்கோயேன்."

"கசாயம் இல்லாம மாத்திரைய மட்டும் நிறுத்திப் பாத்தியா?"

"நீ எல்லாத்தையும் பேப்பர்காரி மாதிரியே கேக்க. ஒனக்கு யாரு பதில் சொல்லுதது?"

 அந்த மாதங்களில் எனக்கே களைப்பு அதிகம். சொன்னதையே சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டும்.

அவனாகத்தான் ஒருநாள் கேட்டான், இதைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. எனக்கு ஒருவரைத் தெரியும். உள்ளூரை விட்டுத் தள்ளி ஒரு கல்லூரியில் பேராசிரியை. செடிகளின் சத்தைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்து, மருந்தால் வரும் சிறுநீரகச் சேதம் குறைகிறதா என்று பார்க்கிறவர். வேலையில் இருந்தபோது ஒரு செய்திக்காக அவரைச் சந்தித்திருக்கிறேன். பஸ்ஸில் போனோம்.

ஆய்வுக்கூடத்தில் மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. எலிகள் பிளாஸ்டிக் தொட்டிகளில் மரத்தூளின் மேல் இருந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் மைக்கோடு. பேராசிரியை தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், பேனாவைக் கீழே வைக்காமலே பேசினார். கிட்னியைக் கெடுக்கும் மருந்தை எலிகளுக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். சில எலிகளுக்கு அதோடு செடிச் சத்தும் உண்டு. செடிச் சத்து கிடைத்தவற்றில் சேதம் குறைவாக இருக்கிறது. எதனால் என்பதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி கேட்டான். "முந்தியா, பெறவா?"

"எது?"

"செடிச்சாறு. மருந்துக்கு முந்திக் குடுப்பியளா, பெறவு குடுப்பியளா?"

"முந்தியே ஆரம்பிச்சிருவோம். சில நாள் குடுத்துட்டுத்தான் ஊசி."

தம்பி தலையை ஆட்டினான். அவன் அங்கே வந்த வேலை அந்த நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பேராசிரியை அதற்குப் பிறகும் நெடுநேரம் சொன்னார். இது வீட்டில் காய்ச்சும் கசாயம் இல்லை. எலிக்குக் கிட்னி முதலில் நன்றாக இருந்தது. கெடுக்கும் மருந்தைச் சில நாளில் நிறுத்திவிடுகிறோம், வருஷக்கணக்கில் கொடுப்பதில்லை. எலியில் பார்த்ததை வைத்து மனுஷனுக்குச் சொல்ல முடியாது. கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் செடியே கெடுதல் செய்யலாம், டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். தம்பி ஒவ்வொன்றுக்கும் "சரிங்க டீச்சர்" என்றான். எழுந்திருக்கும்போது மட்டும் ஒன்று கேட்டான்.

"இந்த எலியள பெறவு என்ன செய்வீய?"

"அறுத்துக் கிட்னிய எடுத்துப் பாப்போம்."

"நல்லா இருக்கிறதயுமா?"

"நல்லா இருக்குன்னு அறுத்தாத்தானே தெரியும்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொஞ்சதூரம் விரல்விட்டு நாட்களை எண்ணிக்கொண்டு வந்தான். பிறகு, "தப்பு பண்ணிட்டோம்க்கா," என்றான். ஒரு கணம் நம்பினேன். "இத்தன நாளா வீட்டுல கெடந்துக்கிட்டுச் சும்மா குடிச்சிருக்கேன். மாத்திரைக்கு முந்தில்லா குடிச்சிருக்கணும்."

காற்று அடங்கிக் கடல் தெளிந்தது. அவன் போக ஆரம்பித்தான். இப்போது முறை மாறிவிட்டது. அவள் விடியுமுன் எழுந்து கசாயம் காய்ச்சினாள். அவன் அதைக் குடித்து, அரை மணி நேரம் இருந்து, பிறகு செட்டைப் போட்டுக்கொண்டான். மூன்று மாதம் கடலில் இறங்காத உடம்பு. வலி முன்பைவிட அதிகம். மத்தியானம் கரை ஏறியதும் இன்னொரு செட். முன்பெல்லாம் நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டவன். "ரெண்டு போடுத," என்று நான் கேட்டபோது, "அதான் முந்தியே குடிச்சாச்சே," என்றான். பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. அவன் மனசில் மாத்திரையின் கணக்கு நேர் செய்யப்பட்டிருந்தது.

டாக்டர் கொடுத்த தேதியில் நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று புள்ளி இரண்டு. பொட்டாசியமும் ஏறியிருந்தது. டாக்டர் பேப்பரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"செடி ஏதும் குடிக்கிறீங்களா?"

அவள்தான் பதில் சொன்னாள். மூன்று செடியின் பெயரையும் சொன்னாள். எத்தனை வேளை, எப்படி வற்றவைத்தது என்று எல்லாம். ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"இந்தக் கிட்னியால பொட்டாசியத்த வெளிய தள்ள முடியாதும்மா. செடி வேர்ல எல்லாம் அது நெறைய இருக்கும். இன்னும் ஏறினா ஹார்ட் நின்னுரும். கசாயத்தையும் நிறுத்தணும், மாத்திரையையும் நிறுத்தணும்." வலிக்கு வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் அளவாகத்தான் போட வேண்டும். "கடல்ல எறங்குற வலிய இது தாங்காது. எறங்காதீங்க."

ஆட்டோவில் வரும்போது தம்பி ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். வீட்டில் இருக்கும் நாளில் கசாயம் வேண்டாம். கடலுக்குப் போகும் நாளில் மட்டும் அரை டம்ளர். "அப்படின்னா அந்தப் பொட்டாசியம் ஏறாதுல்லா?" என்று என்னைக் கேட்டான். அவன் மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளம் போனது, லாரிகள் போயின. 

அன்று மாலை நான் விளாத்திகுளத்து மருந்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். எண்ணை அவள் அம்மாவிடம் வாங்கினேன். அவர் கொஞ்சம் கோபமாகத்தான் பேசினார். "மாத்திரைய நிறுத்திட்டுக் குடிக்கணும்னு சொன்னேனே தாயி. ரத்தம் பாத்துட்டுக் குடிக்கணும்னும் சொன்னேன். அந்த அம்மா செடி பேர மட்டும் கேட்டுக்கிட்டுப் போயிட்டாவ."

மறுநாள் விடியும் நேரத்தில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் தண்ணீருக்குள் போடும் கண்ணாடியையும் குழாய் வாயையும் கழுவி வைத்திருந்தான். உள்ளே அடுப்பு எரியவில்லை.

"ஏளா, கசாயம் எங்க?"

"காச்சல."

"செடி தீந்துட்டா?"

"செடி கெடக்கு."

"பெறவு?"

"காச்ச மாட்டேன்."

சிரித்தான். என்னைப் பார்த்தான், நான் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சரி, நான் சும்மாவே போறேன்," என்றான்.

"போங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்கத் தொடங்கினாள். அவன் சட்டைப்பையிலிருந்து பேப்பர் மடிப்பை எடுத்தான். பிரித்து உள்ளங்கையில் கொட்டினான். வெள்ளை, மஞ்சள், சின்னது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மூன்றையும் பேப்பரில் போட்டு மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தான். கூட்டாளி போன் அடித்தான்.

"மேலுக்கு முடியல," என்றான் தம்பி.

எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "கசாயத்தக் குடில, சரியாயிரும்."

அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அவள் என்னோடு தெருமுனைவரை வந்தாள்.

"கசாயம் இல்லாம அவுக அத வாயில போட மாட்டாவ, மைனி. பயம். டாக்டர் டயாலிசிஸ்னு சொன்ன நாள்லருந்து பயம்தான். மாத்திரை இல்லாம கடல்ல எறங்கவும் முடியாது."

"இது ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"காத்து நின்னு மொத நாளு போனாவல்லா, அன்னைக்கே தெரிஞ்சுட்டு."

"தெரிஞ்சுக்கிட்டா காச்சின?"

"போகலைன்னா வீடு எப்படி ஓடும்னு காச்சினேன். கிட்னிக்கு நல்லதுன்னும் நெனச்சேன். ரெண்டுந்தான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெனமும் முழிச்சு முழிச்சு எனக்கும் முடியல, மைனி."

இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று ஒரு கணம் யோசித்தேன். பழைய பழக்கம். எந்தத் தலைப்பிலும் அடங்காது என்று விட்டுவிட்டேன்.

அவன் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மிச்சம் கிடந்த செடியை அவனே அடுப்பில் வைத்தான். வற்றும்வரை பொறுக்காமல் படுத்துவிட்டான். பாத்திரம் கருகித் தெரு முழுக்க வாடை அடித்தது. பிறகு கூட்டாளி வீட்டுக்குப் போய்க் கேட்டான். தம்பியின் மனைவி அதற்குள் அங்கே போய் டாக்டர் சொன்னதைச் சொல்லி வைத்திருந்தாள். கசாயம் காய்ச்சும் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருந்தாள். எல்லாரையும் நிறுத்தச் சொல்லித்தான் கேட்டாள். அவர்கள் அவனுக்கு மட்டும் நிறுத்தினார்கள்.

"ஒங்களுக்குத் தர மாட்டேன் அண்ணே," என்று கூட்டாளியின் மனைவி வாசலிலேயே சொல்லிவிட்டாள். "ஹார்ட் நின்னுருமாம். பெறவு ஒங்க வீட்டு மைனி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"ஒம் புருசனுக்குக் குடுக்கியே?"

"அவருக்குக் கிட்னி நல்லால்லா இருக்கு."

"டெஸ்ட் எடுத்தியளா?"

"எதுக்கு எடுக்கணும்? அதான் கசாயம் குடிக்காருல்லா."

தம்பி இதை என்னிடம் வந்து சொன்னான். சொல்லும்போது பாதியில் நிறுத்தினான். தன் குரலையே கேட்டதுபோல் இருந்தது அவன் முகம்.  எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. எழுந்து போய்விட்டான்.

ஒரு மாதம் வீட்டில் சண்டை நடந்தது. பெரிய சண்டை இல்லை. தட்டைத் தள்ளி வைப்பது, கேட்டதற்குப் பதில் சொல்லாதது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு வராமல் படுத்திருப்பது. அவள் பக்கத்துத் தெருவில் இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஐஸில் கை வைத்து வைத்து விரல்நுனிகள் வெளுத்துவிட்டன. பிறகு அவனும் ஒரு சங்குக் குடோனில் சேர்ந்தான். சதை அழுகிக் கழன்ற சங்குகளைக் கழுவி, பூச்சி அரித்ததை ஒதுக்கி, அளவு பார்த்துப் பிரித்துப் போடும் வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலை. அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. கடலில் இருந்தவரை சங்கு இவ்வளவு நாறும் என்று தெரியாது என்றான்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். கிரியேட்டினின் மூன்று புள்ளி ஒன்று. பொட்டாசியம் இறங்கியிருந்தது. டாக்டர், "நின்னுருக்கு," என்றார். அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. அங்கேயேதான் இருக்கிறது.

இத்தனை வருஷம் குளித்ததில் வலது தோள் மூட்டில் எலும்பு தேய்ந்து உடைந்திருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. காலையில் சட்டை போடும்போது அவனுடைய வலது கையைத் தூக்கிச் சட்டைக் கைக்குள் நுழைத்துவிடுவது அவன் மனைவி.